இறங்காத தோடி

மாதுங்காவில் பிறந்து, கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் முப்பத்தாறு வருஷம் முதலில் குமாஸ்தாவாகவும் பிறகு அதிகாரி என்ற பெயருடைய குமாஸ்தாவாகவும் உத்தியோகம் பார்த்து, இப்பொழுது செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில் மணியோசை காதில் விழும் தூரத்தில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் என்னிடம், ஆயுளில் என்ன சாதித்தீர் என்று யாராவது கேட்டால், ஒரே ஒரு கச்சேரியை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கும், அதிலிருந்து வேறொரு பெட்டிக்குமாக மாற்றி மாற்றியே காலட்சேபம் செய்துவிட்டேன் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோதெல்லாம் "இனி உமது பொக்கிஷத்துக்கு அழிவே இல்லை" என்று சத்தியம் செய்துகொண்டுதான் நுழைந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன்.

கச்சேரி நடந்தது 1977-ல், ஸ்ரீராமநவமி உத்சவத்தின்போது, கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே போட்டிருந்த ஒரு பந்தலில். பாடியவர் பெரிய வித்வான். பெயரைச் சொன்னால் அவருடைய சிஷ்யகோடிகள் பிரதி கேட்டு வந்துவிடுவார்கள், ஆகையால் சொல்லப்போவதில்லை. என் தகப்பனார், டைப்ரைட்டிங்கிலும் ஷார்ட்ஹாண்டிலும் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட்டைத் தவிர வேறு ஆஸ்தி எதுவுமின்றித் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அந்தத் தலைமுறைத் தமிழர்களில் ஒருவர். யார் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அதை உடனே பதிவு செய்துவிட வேண்டும் என்ற தொழில் தர்மம் அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. துபாயிலிருந்து என் அத்தை பிள்ளை கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரை அங்கவஸ்திரத்தால் போர்த்தி, காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் வெளியிட்ட காஸெட்டினுள்ளே நாடா விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில், நம் விளம்ப காலத்துக்கு ஏற்ற நிதானத்தோடு நகரும். ஆனால் 90 நிமிஷக் காஸெட்டை 45 நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஆலாபனை செய்கிறவருக்குத் தெரிய நியாயமில்லை. காரியதரிசி மேடையேறி, ஒரு மூக்குக்கண்ணாடி கண்டெடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்துவிட்டு இறங்கியதும், வித்வான் தோடியை எடுத்தார். படிப்படியாக ஏறி, மேல் ஸ்தாயி காந்தாரத்தில் போய் நின்று, பந்தல் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த க்ஷணத்தில், என் தகப்பனாரின் மடியிலிருந்து "டக்" என்று ஒரு சப்தம் கேட்டது. அங்கவஸ்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவி, காஸெட்டை எடுத்து, தலைகீழாகப் போட்டு, மறுபடி எடுத்து நேராகப் போட்டு, சிவப்புப் பொத்தானை அவர் அமுக்குவதற்குள் பிடில்காரர் ஆரம்பித்துவிட்டார். வித்வான் அந்தச் சிகரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்பதைத் தகப்பனார் கேட்கவில்லை. நான் அப்போது பந்தலுக்கு வெளியே நீர்மோருக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் அந்த வித்வான் இறங்கவே இல்லை.

அந்தக் காஸெட்டை ஏறக்குறைய தினமும் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். நாடா சிக்கிக்கொண்டால் நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றுவோம். ஆனந்த தாண்டவம் என்றால் அதுதான் தாண்டவம். விபரீதம் என்னவென்றால், கேள்வி ஞானத்திலேயே தேறிய என் தங்கை, தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் தோடியை விஸ்தாரமாகப் பாடிக்கொண்டே போய், அந்தக் காந்தாரத்தில் நின்று, சட்டென்று நிறுத்திவிட்டாள். பிள்ளையின் தகப்பனார், பெண்ணுக்கு ஏதாவது வியாதி உண்டோ என்று தரகர் மூலமாக விசாரித்தார்.

இதற்கிடையில் வங்கிக்குள் வேறொரு பெட்டி நுழைந்தது. சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-ல் வங்கி வேலைகளை யந்திரமயமாக்கும்படி சிபாரிசு செய்ததும், "கம்ப்யூட்டர் நஹீ சலேகா" என்று வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு யந்திரமே வந்து சேர்ந்தது. அதற்கென்று தனி அறை, குளிர்சாதன வசதி. தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே பிரவேசிக்க வேண்டும். கர்ப்பக்கிருகத்துக்குரிய சகல மரியாதைகளும் அதற்கு நடந்தன. கிளை முழுவதிலும் மே மாதத்தில் குளிர்ச்சியாக இருந்த அறை அது ஒன்றுதான் என்பதால், என்னுடைய கொள்கைப் பிடிப்பு மூன்று வாரத்தில் தளர்ந்துவிட்டது.

பம்பாய்க்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் நம்மவர்களே உருவாக்கிய டிஃப்ராக் என்ற யந்திரம் 1960-லேயே வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. அதில் 2,700 வால்வுகள். ஞாபகசக்தியோ ஒவ்வொன்றும் 40 பிட் அளவுள்ள 2,048 சொற்கள், அதாவது இன்றைய கணக்கில் வெறும் பத்து கிலோபைட். என் சம்பந்தி தினமும் காலை ஐந்தரை மணிக்கு வாட்ஸப்பில் அனுப்பும் "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூப் படம் ஒன்றை ஏந்திக்கொள்வதற்கு அப்படிப்பட்ட யந்திரங்கள் பத்தாவது வேண்டும். அணுசக்தி யுகத்து விஞ்ஞானிகள் அதே ஞாபகசக்தியைக் கொண்டு என்னென்னவோ கணக்குகளைப் போட்டார்கள் என்பதை நினைக்கும்போது, ரோஜாப்பூவின் மேல் எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது.

1995 ஆகஸ்டு 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை வழங்க ஆரம்பித்த மறு வருஷம், என் குமாரன் லாமிங்டன் ரோட்டிலிருந்து உதிரி பாகங்களாக வாங்கி வந்து கூட்டிய கம்ப்யூட்டர் எங்கள் கூடத்தில் பிரதிஷ்டை ஆயிற்று. சரஸ்வதி பூஜையன்று என் சகதர்மிணி அதற்கு இட்ட சந்தனம் பிளாப்பி நுழையும் வாயில் போய் உலர்ந்து, அந்த வாய் அன்றோடு மௌன விரதம் பூண்டது. அதனால் நஷ்டமில்லை, எங்கள் கச்சேரியைக் குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்தால், 1.44 மெகாபைட் பிளாப்பிகள் அறுநூறுக்கு மேல் தேவைப்படும் என்று குமாரன் கணக்குப் போட்டிருந்தான். குறுந்தகட்டிலேயே வைக்கலாமென்றால் அது 74 நிமிஷத்தோடு கையை விரித்தது. கடைசியில் எம்.பி.த்ரீ என்ற உபாயம் வந்தது. மனிதக் காதுக்கு எப்படியும் எட்டாத ஒலிகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வதால், பண்டம் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுமாம். எங்கள் கச்சேரியை இன்னும் இறுக்கிப் பிழிந்தபோது தம்புரா நீருக்கடியில் மீட்டுவதுபோல் குமிழியிட்டது. தம்புராவை யாரும் கவனித்துக் கேட்பதில்லை என்ற ரகசியம் அந்த யந்திரத்துக்கு எப்படித் தெரிந்ததோ! காந்தாரமும், அதன்பின் "டக்"கும் மட்டும் க்ஷேமமாக இருந்தன.

2004-ல் மாதுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிபெயர்ந்தபோது, எல்லாம் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது என்று குமாரன் அடித்துச் சொன்னதன்பேரில், இரண்டு கோணிச் சாக்கு நிறையக் காஸெட்டுகளைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டோம். சரியாகப் பதினோராம் நாள் ஹார்டு டிஸ்க், பல்லி சொல்வதைப்போல மூன்று முறை சப்தித்துவிட்டுச் சிவபதம் அடைந்தது.

பங்கார்வாலா காட்டிய வழியில் நான் தாராவி 13 கம்பவுண்டுக்குப் போனேன். பம்பாய் வேண்டாமென்று எறியும் பிளாஸ்டிக், அங்கே ரகம் ரகமாகப் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, கழுவிக் கூரைமேல் உலர்த்தப்பட்டு, உருகி, நூலாக இழுபட்டு, மணிமணியாக நறுக்கப்பட்டு மறுஜன்மம் எடுக்கிறது. ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை முகர்ந்தே அது இன்ன ஜாதி என்று சொல்லிவிடும் நிபுணர்கள் அங்கே உண்டு. ராகத்தின் முதல் பிடியிலேயே பெயர் சொல்லும் ரசிகர்களுக்கு அவர்கள் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். கிடங்கின் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்னத்தத் தேடுதிய சார்?"

"ஒரு தோடி, அண்ணாச்சி."

"தங்கத் தோடா?" என்று அவர் பதறி எழுந்திருக்க, வேலையாட்கள் நால்வர் அரைக்கும் யந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாக்குகளைக் கவிழ்த்து வெகு சிரத்தையோடு துழாவ ஆரம்பித்தார்கள். அது காதில் போடுவதல்ல, காதால் கேட்பது என்று நான் விளக்கி முடித்தபோது அவர்கள் முகத்தில் தோன்றிய ஏமாற்றத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அண்ணாச்சி மட்டும் கோபிக்காமல் எனக்கு ஒரு கட்டிங் சாய் வரவழைத்துக் கொடுத்தார்.

"நேத்தே அரைச்சாச்சு சார். பாட்டுக்கு ரேட்டு கெடையாது, டப்பாவுக்குத்தான் ரேட்டு. நாடாவ ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்றார். மூலையில் நாடா ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் எங்கள் வீட்டில் அந்தக் கச்சேரியைப்பற்றிப் பிரஸ்தாபமே இல்லை. சென்ற மாதம் என் பேரன், கைப்பேசியில் எதையோ தடவிக்கொண்டிருந்தவன், "தாத்தா, யாரோ மூக்குக்கண்ணாடி கெடைச்சிருக்குன்னு சொல்றாளே, இதுவா பாருங்கோ" என்றான். யூட்யூபில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றியிருந்தார்! அதே பந்தலில், என் தகப்பனாருக்குச் சில வரிசைகள் பின்னால் இன்னொரு சுருக்கெழுத்தாளர் இன்னொரு அங்கவஸ்திரத்துக்குள் இன்னொரு பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கால்மணி நேரம் தாமதமாக வந்தவர் போலிருக்கிறது. ஆகவே அவருடைய "டக்" தனி ஆவர்த்தனத்தின் நடுவில் விழுந்து, மிருதங்கக்காரரைப் பதம் பார்த்திருந்தது. தோடி முழுசாக இருந்தது.

சகதர்மிணியை அழைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வித்வான் படிப்படியாக ஏறினார். காந்தாரத்துக்குப் போனார். நின்றார். பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த க்ஷணத்தில் நான் நாற்காலியைவிட்டு எழுந்து, கூடத்தைக் கடந்து, முன்பு டூ-இன்-ஒன் இருந்து இப்போது சீமந்தப் புகைப்படம் ஒன்று இருக்கும் அலமாரியண்டை போய், காஸெட்டைத் திருப்பிப் போடுவதற்காகக் கையை நீட்டினேன். "என்ன தேடறேள்?" என்று சகதர்மிணி உரக்கக் கேட்டாள். "ஒன்றுமில்லை" என்று நானும் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, பிடில்காரர் ஆரம்பித்துவிட்டார்.