காலைக்கடனியல்: ஓர் ஆய்வுப் பாயிரம்

ஆராய்ச்சி நூல் என்றால் முதலில் பாயிரம் சொல்லியாக வேண்டும் என்பது நம் மரபு. ஆகவே: நூற்பெயர், காலைக்கடனியல். நுதலிய பொருள், விலங்குகள் எங்கே, எப்படி, எந்த வடிவில், எவ்வளவு நேரத்தில் வெளிக்குப் போகின்றன என்பது. எல்லை, வேங்கடத்துக்கும் குமரிக்கும் நடுவே அடங்காது. கோஸ்டா ரிகாவில் தொடங்கி டாஸ்மேனியா வழியாக அண்டார்டிகா வரை போகும். கேட்போர், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர்கள். பயன், போகப் போகத் தெரியும்.

இத்துறையில் முன்னோர் நூல்கள் குறைவு. புலியின் பல்லைப் பற்றியும் கழுகின் நகத்தைப் பற்றியும் எழுதிக் குவித்த உலகம், உண்ட உணவு மறுவாசல் வழியே வெளியேறும் கட்டம் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டது. இது பெரும்பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். விலங்குகள் தம் திறமையில் பாதியை இரை தேடுவதில் காட்டுகின்றன என்றால், மீதியை அந்த இரையின் மிச்சத்தை அனுப்பி வைப்பதில் காட்டுகின்றன. கழிவு என்று அதற்குப் பெயர் வைத்தது மனிதனின் அவசரம்.

முதல் சான்று ஆஸ்திரேலியாவின் வாம்பேட். குட்டைக் காலும் உருண்டை உடம்பும் கொண்ட, வளை தோண்டி வாழும் பை விலங்கு. இருபத்தைந்து முப்பது கிலோ எடை இருக்கும். சாதுவான பிராணி. ஆனால் உலகத்தில் வேறெந்த விலங்காலும் முடியாத ஒரு காரியத்தை இது இரவுதோறும் செய்கிறது: கனசதுரமாகப் புழுக்கை போடுகிறது. பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர், ஆறு முகம், தெளிவான விளிம்பு. எடுத்து உருட்டினால் பகடை ஆடலாம் போலிருக்கும். ஓரிரவில் நூறு வரை விழும் என்பார்கள்.

இது எப்படி என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 'ஆசனவாய் சதுரமாக இருக்கும்' என்றது ஒரு கட்சி. புட்டு மாவைக் குழாயில் திணித்தால் குழாயின் வடிவம் வரும் அல்லவா என்கிற தர்க்கம்தான். பார்வைக்கு நியாயமாகத் தெரிந்தாலும் இது தவறு. வாம்பேட்டுக்கும் அந்த இடம் எல்லோருக்கும் போல வட்டம்தான். டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கார்வர், இறந்துபோன வாம்பேட் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது குடலின் கடைசிப் பகுதியிலேயே கட்டிகள் வரிசையாக, சதுரமாக, புறப்படத் தயாராக இருப்பதைக் கண்டார். சாலையில் வண்டி மோதி இறந்த வாம்பேட்டுகளின் குடல்கள் அங்கிருந்து அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பட்ரிசியா யாங், டேவிட் ஹூ ஆகியோர் அந்தக் குடலுக்குள் நீள பலூன்களை விட்டு ஊதினார்கள். விஞ்ஞானம் வளர்ந்த பாதை இப்படியும் இருக்கிறது.

விடை குடல் சுவரில் இருந்தது. பன்றியின் குடலை ஊதினால் சுற்றிலும் ஒரே சீராக விரிகிறது. வாம்பேட்டின் குடல் அப்படி இல்லை. சுற்றளவில் இரண்டு பகுதி விறைப்பாகவும் இரண்டு பகுதி இளக்கமாகவும் இருக்கிறது. விறைத்த பகுதி சட்டென்று சுருங்குகிறது, இளகிய பகுதி ஆற அமரச் சுருங்குகிறது. சுமார் பத்து மீட்டர் நீளக் குடலில் சத்தையும் ஈரத்தையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடுவதால் சரக்கும் நன்றாகக் காய்ந்திருக்கிறது. காய்ந்த பொருளை ஆயிரக்கணக்கான தடவை இப்படி ஏற்றத்தாழ்வாகப் பிடித்துப் பிடித்து விட்டால் மூலைகள் வந்துவிடுகின்றன. 2018-இல் அட்லாண்டாவில் இயற்பியலாளர் கூடிய மாநாட்டில் இதைச் சொன்னார்கள். 2019-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு, இயற்பியல் பிரிவில் வந்தது. 2021-இல் முழுக் கட்டுரையும் வெளியானது.

இங்கே ஒரு கடா எழும். 'வடிவம் வந்த வழி சரி. வந்த காரணம் என்ன?' விடை: வாம்பேட்டுக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. தன் எல்லையை மணத்தால்தான் அறிவிக்கிறது. அறிவிப்பைத் தரையில் வைத்தால் யார் கவனிப்பார்கள் என்று கல்லின் மேலும் விழுந்த மரத்தின் மேலும் வைக்கிறது. உருண்டை என்றால் உருண்டு ஓடிவிடும். சதுரம் வைத்த இடத்தில் நிற்கும். இதை மறுப்பாரும் உண்டு. விலங்குக்காட்சி சாலையில் தண்ணீருக்குக் குறைவில்லாமல் வாழும் வாம்பேட்டின் புழுக்கையில் மூலைகள் மழுங்கிவிடுகின்றன, ஆகவே சதுரம் என்பது வறட்சியின் பக்கவிளைவு, அதற்கு நோக்கம் கற்பிக்க வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. இக்கட்டுரை இரண்டாம் கட்சியின் பக்கம் சற்றுச் சாய்கிறது. பக்கவிளைவாக வந்த ஒன்று நன்றாகப் பயன்பட்டுப் போவதில் வியப்பில்லை.

இதே யாங்கும் ஹூவும் வாம்பேட்டுக்கு முன்பே சிறுநீர் இயலில் பெயர் நாட்டியவர்கள் என்பதைப் பதிவு செய்யாமல் போவது முறையாகாது. அட்லாண்டா விலங்குக்காட்சி சாலையில் விலங்குகள் ஒதுங்கும்போது படம் பிடித்து, கடிகாரம் வைத்து அளந்து, 2014-இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டி எதுவானாலும் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஆகும் நேரம் ஏறக்குறைய 21 விநாடி; கூடக் குறைய 13. யானையின் சிறுநீர்ப்பை 18 லிட்டர் கொள்ளும். பூனையினுடையது 5 மில்லிலிட்டர். ஆனாலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேலையை முடிக்கின்றன. காரணம் குழாயின் நீளம். யானையின் குழாய் ஒரு மீட்டர் அளவுக்கு நீண்டு இறங்குவதால் புவியீர்ப்பு அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. கூடவே குழாய் அகலமாகவும் இருக்கிறது. எலி, வௌவால் போன்ற சிற்றுயிர்களுக்கு இந்த விதி செல்லாது. அவற்றுக்குத் தாரை கிடையாது, சொட்டுதான், விநாடிக்குள் முடிந்துவிடும்.

2017-இல் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். திட வகைக்கு ஆகும் நேரம் 12 விநாடி, கூடக் குறைய 7. யானைக்கும் அதே, நாய்க்கும் அதே. பெருங்குடலின் உள்ளே பூசினாற்போலிருக்கும் வழுவழுப்பான படலம்தான் சரக்கை நழுவவிடுகிறது. பெரிய விலங்குக்குப் படலமும் தடிமன். பன்னிரண்டு விநாடி வேலைக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரைமணி கழித்து வரும் பாலூட்டி ஒன்றும் இருக்கிறது. அதன் ஆய்வைத் தனி நூலாகத்தான் எழுத வேண்டும்.

அவசரமே இல்லாத விலங்கு ஒன்று உண்டு. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் மூவிரல் அசமந்தம், ஆங்கிலப் பெயரில் ஸ்லாத். இலைதான் உணவு, ஒரு வேளை தின்றது செரித்து வெளியேற ஒரு மாதம்கூட ஆகலாம். வாரத்துக்கு ஒரு முறைதான் போகும். போகிற அன்று உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்துவிடும் என்கிறார்கள். இது பெரிதல்ல. அதற்காக இது மரத்திலிருந்து கீழே இறங்குகிறது. தரையில் இது தவழத்தான் முடியும்; சிறுத்தை இனத்து ஜாகுவார் வந்தால் முடிந்தது கதை. கிளையில் இருந்தபடியே விட்டுவிட்டால் என்ன குறைந்து போகும்? ஆனால் இது இறங்கி, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, குட்டை வாலால் சிறு குழி பறித்து, காரியத்தை முடித்து, திரும்ப ஏறுகிறது.

இதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவுலி குழு 2014-இல் தந்த விளக்கம் ஒரு குடும்பக் கதை அளவுக்குச் சிக்கலானது. அசமந்தத்தின் மயிரில் ஒருவகை அந்துப்பூச்சி குடியிருக்கிறது. விலங்கு இறங்கும்போது அதுவும் இறங்கி அந்தக் கழிவில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த புழு வளர்ந்து, அந்துப்பூச்சியாகிப் பறந்து மேலே வந்து மயிரில் குடியேறுகிறது. பூச்சிகள் பெருகினால் மயிரில் நைட்ரஜன் கூடுகிறது. நைட்ரஜன் கூடினால் பாசி வளர்கிறது. பாசியை அசமந்தம் நக்கித் தின்கிறது. வாரம் ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து இறங்குவது தன் உடம்பிலேயே தோட்டம் போடத்தான் என்பது இதன் சாரம். 'அதெல்லாம் இல்லை, வாசனையால் துணைக்குச் சேதி அனுப்புகிறது' என்பாரும் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

இறங்க முடியாதவர்கள் எறிகிறார்கள். அண்டார்டிகாவில் அடைகாக்கும் பென்குயின் முட்டையை விட்டு எழுந்து போக முடியாது, போனால் குளிர். கூட்டையும் அசுத்தம் செய்யக் கூடாது. ஆகவே விளிம்புக்கு வந்து, பின்புறத்தை வெளியே திருப்பி, வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறது. மேயர்-ரோக்கோ, கால் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது உள்ளழுத்தம் 60 கிலோபாஸ்கல் வரை போகும் என்று வந்தது. காற்றழுத்தத்தில் பாதிக்கு மேல். தூரம் நாற்பது சென்டிமீட்டர். இதற்கு 2005-இல் ஓர் இக்நோபல். ஜப்பானில் இதே கணக்கை 2020-இல் மறுபடி போட்டவர்கள் ஹம்போல்ட் பென்குயினுக்கு 1.34 மீட்டர் என்றார்கள். விலங்குக்காட்சி சாலைப் பணியாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய எண். பேரரசப் பென்குயின்களோ இந்த விஷயத்தில் விண்வெளியையே எட்டிவிட்டன. பனியில் படியும் பழுப்புக் கறையைச் செயற்கைக்கோள் படத்தில் தேடி, 2009-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதுவரை யாரும் அறியாத பத்துக் குடியிருப்புகளைக் கண்டுபிடித்தார்கள்.

வீச்சில் பென்குயினையும் வெல்கிற ஒரு புழு இருக்கிறது. அமெரிக்காவில் இலையைச் சுருட்டி உள்ளே வாழும் ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சியின் புழு, தன் உடல் நீளத்தைப்போல நாற்பது மடங்கு தொலைவுக்குப் புழுக்கையைச் சுண்டி எறிகிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மார்த்தா வைஸ் சுருட்டிய இலைகள் சிலவற்றில் புழுக்கையையும் சிலவற்றில் அதே அளவு கண்ணாடி மணிகளையும் வைத்துக் குளவிகளை விட்டுப் பார்த்தார். குளவி தேடிப் போனது புழுக்கை இருந்த வீட்டுக்கு. வாசலில் குப்பை போட்டால் எமனே முகவரி அறிந்து வருவான் என்பது புழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி அனுப்பியவரை விட்டுப் பெற்றுக்கொள்பவரைப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கச் சாணி வண்டு ஒன்று இரவில் உருண்டையைத் தள்ளிக்கொண்டு கோடு போட்டாற்போல நேராக ஓடும். சுற்றினால் சாணிக் குவியலுக்கே திரும்பிவந்து வேறொரு வண்டிடம் உருண்டையைப் பறிகொடுக்க நேரும். ஸ்வீடனின் மேரி டாக்கே குழுவினர் வண்டுகளுக்கு அட்டைத் தொப்பி போட்டு வானத்தை மறைத்தார்கள், பாதை கோணலாயிற்று. ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். கூரையில் பால்வீதியின் ஒளிப்பட்டை மட்டும் தெரிந்தபோதும் வண்டு நேராக ஓடியது. சாணியைத் தள்ளுவதற்கு நட்சத்திர மண்டலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்ட உயிர் என்று இதைத் தவிர வேறெதையும் சொல்ல முடியவில்லை.

இந்த வண்டின் அருமை ஆஸ்திரேலியாவுக்கு அனுபவத்தில் தெரிந்தது. 1788-இல் ஐரோப்பியர் மாடுகளோடு வந்திறங்கினார்கள். அந்த மண்ணின் வண்டுகளுக்குக் கங்காரு, வாம்பேட் போன்றவை போடும் காய்ந்த கட்டிதான் பழக்கம். கொழகொழ மாட்டுச்சாணியைப் பெரும்பாலும் அவை தொடவில்லை. சாணி மேய்ச்சல் நிலத்தை மூடியது, அதில் ஈ பெருகியது. ஹங்கேரியிலிருந்து வந்த ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர் இதைக் கவனித்து, வெளிநாட்டு வண்டுகளை இறக்குமதி செய்யச் சொன்னார். 1965 முதல் 1985 வரை அரசின் ஆய்வு அமைப்பு அந்த வேலையைச் செய்தது. இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே வேரூன்றின. நம்மூரில் சாணி வண்டுக்கு ஒரு நாடு இறக்குமதிக் கப்பல் விட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

கழிவு நிலத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. மாலத்தீவின் வக்காரு தீவில் கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து அரைத்து வெளியேற்றும் துகள்தான் மணலில் பெரும்பங்கு. தீவைக் கட்டும் புது மணலில் 85 சதவீதத்துக்கு மேல் அதன் உபயம் என்று 2015-இல் கணக்கிட்டார்கள். தேனிலவுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நாகரிகம். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் ஆண் வெளிமான்கள் எல்லை காட்டப் போடும் புழுக்கைக் குவியல்களில்தான் சீமைக் கருவேல விதைகள் வந்து முளைக்கின்றன என்பது தமிழ்நாட்டு விவசாயிக்கு உடனே புரியக்கூடிய செய்தி.

கடைசியாக, வாசகர் வீட்டுக் கொல்லையில் ஒரு வேலை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிட அவசரப்பட வேண்டாம். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது என்பதால் அந்த வேடம். பெரிதானதும் வேடத்தைக் கலைத்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, நாற்றம் அடித்தால் புழு. ஒன்றும் நடக்காவிட்டால் காக்கை எச்சம்தான், குச்சியைத் தூர எறிந்துவிடுங்கள்.