சும்மா ஒரு சுற்று

"சும்மா ஒரு சுற்றுதான்ப்பா, ஈஸி" என்றான் மகன். கும்பகோணத்துக்காரனுக்குச் சுற்று என்றால் மகாமகக் குளம்தான். அந்தக் கணக்கில் தலையாட்டிவிட்டேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை முழுதாகச் சுற்றினால் 11 கிலோமீட்டர் என்பதை, திரும்பினாலும் அதே தூரம் என்கிற இடத்தில் வைத்துத்தான் சொன்னான்.

ஆரம்பம் சுகமாகத்தான் இருந்தது. கரையோரம் மரப்பலகைப் பாதை, ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கண்ணாடி மாதிரி தண்ணீர். சிங்கப்பூர் நகரம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. என் வயதுச் சீனப் பெரியவர் ஒருவர் ஓடியபடி எங்களைத் தாண்டினார். சற்று நேரத்தில் எதிரே வந்தார். பிறகு மறுபடியும் பின்னாலிருந்து தாண்டினார். கெட்ட எண்ணம் பிடித்தவர்.

மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் சரித்திரம் பேசுவேன். நின்றுகொண்டு பேசலாம் அல்லவா? "இந்த ஏரி இருக்கே..." என்று ஒரு மரத்தில் சாய்ந்தேன்.

மலாக்காவில் பிறந்த வணிகர் டான் கிம் செங், ஊருக்கு நல்ல தண்ணீர் வரட்டும் என்று 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1864இல் அவர் காலமாகிவிட்டார். நீர்த்தேக்கம் தயாரானது 1868இல். ஏரி ரெடி, ஆனால் தண்ணீரை ஊருக்குள் கொண்டுபோக பம்பும் குழாயும் வர மேலும் ஏறத்தாழ பத்து வருடம்! பணம் கொடுத்தவர் நினைவாக 1882இல் ஒரு நீரூற்று வைத்தார்கள். ஏரிக்கோ, பிற்பாடு அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் மெக்ரிட்சியின் பெயரை 1922இல் சூட்டினார்கள்.

"பணம் ஒருத்தர், பேர் இன்னொருத்தரா?" என்று என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வீடு கட்ட மாமனார் கொடுத்த தொகையும், வாசல் கல்லில் பொறித்திருக்கும் என் அப்பா பெயரும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. மரத்தை விட்டுவிட்டு வேகமாக நடந்தேன்.

அடுத்த ஓய்வைக் குரங்கு கொடுத்தது. இங்கே குரங்குகளுக்கு பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு போதும், சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. மனைவி கையிலிருந்த முறுக்குக் கவர் ஒரே இழுப்பில் போயிற்று. அழகர்கோவிலாக இருந்தால் ஒரு அதட்டலோடு விஷயம் முடிந்திருக்கும். இங்கே குரங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் என்றான் மகன். மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். மூன்று லட்சத்துக்கு மேல். முறுக்கு நாலு.

"ஏங்க, நாம போடலை, அதுவா எடுத்துக்கிச்சுன்னு சொல்லிடலாமா?" என்றாள். குரங்கு எங்களைப் பார்த்துக்கொண்டே கடித்தது. பல் நல்ல உறுதி. வெறும் கவரைக் கீழே போட்டதும், குப்பைக்கு அபராதம் வேறு இருக்கிறதே என்று மகன் ஓடிப்போய்ப் பொறுக்கினான்.

அப்புறம் தொங்குபாலம். மர உச்சிகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளம், சில இடங்களில் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். ஒருவழிப் பாதை. அகலமும் ஒரு ஆளுக்குத்தான். பின்னால் வரிசை நின்றதால் சரித்திரம் பேசவும் வழியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். 'இங்கேயெல்லாம் எதற்கப்பா வந்தாய்?' என்று அவரே கேட்டிருப்பார்.

ராத்திரி கால் இரண்டிலும் தைலம் மணக்கப் படுத்திருந்தேன். பக்கத்து அறையில் மனைவி அவள் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நடைதாண்ணா. வழியெல்லாம் இவர் சரித்திரம் சொல்லிக்கிட்டே வந்தார். அதான், ஊருக்கு வந்ததும் நம்ம அப்பா பேர்ல வாசல்ல ஒரு நீரூற்று வைக்கலாம்னு இருக்கோம்."