பூட்டு யார் கையில்?

கே: ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டருக்குள் ஆண்ட்ராய்டு ஓடுகிறதாமே? வண்டி ஓடினால் போதாதா, உள்ளே இன்னொன்றும் ஓட வேண்டுமா?
– சிப்காட் ஊழியர், ஓசூர்

ப: வேகம் காட்ட வேண்டும், மேப் வரைய வேண்டும், போன் வந்தால் சொல்ல வேண்டும். ஏத்தரின் 450எக்ஸ் மாடல் டேஷ்போர்டில் ஓடுவது ஆண்ட்ராய்டு. அதற்கும் அடியில் லினக்ஸ் கர்னல். இத்தனை வேலைகளும் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தில் கை வைக்கும். அங்கே 5 என்று ஓர் எண் இருக்கிறது. இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள், ஆளுக்கு ஒன்று கூட்ட வருகின்றன. இரண்டும் 5 என்று படித்து, இரண்டும் 6 என்று எழுதிவிட்டுப் போகின்றன. 7 வந்திருக்க வேண்டும், ஒன்று காணோம். போலீசில் புகார் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் பூட்டு: ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வெளியே.

கே: செமஃபோர், மியூடெக்ஸ், ஸ்பின்லாக் மூன்றும் ஒன்றுதானே? இரண்டு மார்க் கேள்வி, சீக்கிரம் சொல்லுங்கள்.
– பொறியியல் மாணவி, பர்கூர்

ப: ஒன்றுதான் என்று எழுதினால் இரண்டு மார்க்கும் போச்சு. செமஃபோர் என்பது ஓர் எண்ணும் ஒரு வரிசையும். 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்துக்காரர் டைக்ஸ்ட்ரா கொடுத்தது. உள்ளே போகிறவர் எண்ணில் ஒன்றைக் குறைப்பார். எண் தீர்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர் தூங்கப் போவார். வெளியே வருகிறவர் தூங்குபவரை எழுப்பிவிடுவார். மூன்று என்று வைத்தால் மூன்று பேருக்கு இடம். மியூடெக்ஸில் ஒருவருக்குத்தான் இடம். பூட்டியவரேதான் திறக்கவும் வேண்டும். செமஃபோரில் அந்தக் கண்டிப்பு கிடையாது, ஒருவர் குறைத்ததை இன்னொருவர் கூட்டலாம். லினக்ஸில் மியூடெக்ஸ் தனியாக வந்தது 2006இல். அதுவரை 1 என்று வைத்த செமஃபோர்தான் பல இடங்களில் அந்த வேஷம் கட்டியது. ஸ்பின்லாக் தூங்காது, பூட்டு கிடைக்கும்வரை பிராசஸரைச் சுற்றவிட்டுக்கொண்டே நிற்கும். இன்டரப்டைக் கவனிக்கும் நிரல் தூங்கக் கூடாது என்பதால் அங்கே வேறு வழியில்லை.

கே: படிக்கிறவர் பலர், எழுதுகிறவர் ஒருவர் என்றால் ரீடர்-ரைட்டர் பூட்டு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?
– தருமபுரி–பெங்களூர் ரயிலில் தினம் போகிறவர், ஓசூர்

ப: உங்கள் ரயில் பாதையையே பாருங்கள். ரயில்கள் பாதையைப் 'படிக்கின்றன'; எத்தனை போனாலும் பாதை மாறுவதில்லை. தண்டவாளத்தையே மாற்ற வருகிறவர்களுக்கோ லைன் பிளாக் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வண்டியும் அங்கே வரக் கூடாது. வண்டிகள் வந்துகொண்டே இருந்தால் பிளாக் எப்போது கிடைக்கும்? 1971இல் கூர்த்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்றில் படிப்பவருக்கு முன்னுரிமை, எழுதுபவர் பட்டினி கிடக்கலாம். மற்றதில் நேர்மாறு. லினக்ஸின் ரீடர்-ரைட்டர் செமஃபோர் சமரசக்காரர்: எழுத வந்தவரை ஓரளவுக்கு மேல் காக்க வைக்காமல், புதிதாகப் படிக்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி வழி விடுவார்.

கே: அப்படியானால் எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட்டால் என்ன?
– புரோகிராமர், காவேரிப்பட்டணம்

ப: படிக்க மட்டும் வந்தவரும் 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று எண்ணிக்கையில் ஒன்று கூட்டியாக வேண்டும். அதுவே எழுத்துதானே! எட்டு கோர்கள் அந்த ஓர் எண்ணைத் தத்தம் கேஷுக்கு மாற்றி மாற்றி இழுத்தால், படிக்கும் நேரத்தைவிட இழுபறி நேரம் அதிகமாகிவிடும். உள்ளே நான்கு வரி வேலைதான் என்றால் சாதாரணப் பூட்டே மேல். இன்னொரு வில்லங்கமும் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் இருவர் பூட்டை விடாமலே 'இனி நான் எழுதுகிறேன்' என்று கிளம்பினால், இவர் போகட்டும் என்று அவரும், அவர் போகட்டும் என்று இவரும் நிற்பார்கள்; கரன்ட் போகும்வரை. அதனால் லினக்ஸின் அந்த செமஃபோரில் எழுதுபவர் படிப்பவராக இறங்கலாம். படிப்பவர் எழுதுபவராக ஏற முடியாது.

கே: ஆண்ட்ராய்டில் ஆப் திறக்கும்போது ஏன் இத்தனை திணறல்?
– பொறுமை இழந்தவர், சூளகிரி

ப: காரணங்களில் ஒன்று பூட்டு. ஒவ்வொரு புராசஸின் நினைவக வரைபடத்துக்கும் நெடுங்காலம் ஒரே ஒரு ரீடர்-ரைட்டர் செமஃபோர்தான் காவல். ஆப் எழும்போது ஒரு த்ரெட் வரைபடத்தில் புதுப் பகுதி சேர்க்கும், அது எழுத்து. அதே சமயம் மற்ற த்ரெட்கள் பேஜ் ஃபால்ட்டோடு (வேண்டிய பக்கம் கைக்கு எட்டவில்லை என்ற முறையீட்டோடு) வந்து வரைபடத்தைப் பார்க்கும், அது படிப்பு. தொடாத பகுதிக்காகவும் எல்லாரும் ஒரே வாசலில் நின்றார்கள். 2023இல் வந்த 6.4 கர்னலில், கூகுள் ஆண்ட்ராய்டு குழுவின் சுரேன் பாக்தசார்யன் பகுதிக்கு ஒரு பூட்டு என்று பிரித்துக் கொடுத்தார். கெட்டிக்காரப் பூட்டைத் தேடுவதைவிட, பூட்டு மறிக்கும் இடத்தைக் குறைப்பதில்தான் லாபம்.

கே: இந்த விவகாரத்தில் நம்ம ஊர்க்காரர் யாராவது உண்டா?
– கோவையில் படித்து ஓசூரில் வேலை பார்ப்பவர்

ப: உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ராஜ் ராஜ்குமார். அவரும் லூய் ஷாவும் லெஹோஸ்கியும் 1990இல் எழுதிய கட்டுரை ஒரு விசித்திரத்துக்கு மருந்து. சின்ன வேலை பூட்டைப் பிடித்திருக்கிறது. அதற்காக அவசர வேலை காத்திருக்கிறது. நடுவில், பூட்டே வேண்டாத ஒரு நடுத்தர வேலை சின்னதை ஓட விடாமல் ஓரங்கட்டுகிறது. விளைவு, அவசரம் கடைசியில்! மருந்து: பூட்டைப் பிடித்தவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடன் கொடு. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் இதே சிக்கலால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அணைத்து வைத்திருந்த அந்தக் கடன் வசதியைப் பூமியிலிருந்தே போட்டுவிட்டார்கள், சரியாயிற்று. பர்கூர் மாணவி கவனிக்க: பூட்டுக்குச் சொந்தக்காரர் இருந்தால்தானே கடன் கொடுக்க முடியும்? செமஃபோரில் யாரிடம் கொடுப்பது?

கே: பூட்டைப் பிடித்தவர் அப்படியே தூங்கிவிட்டால்?
– பெயர் வேண்டாம், ஜூஜூவாடி

ப: ஸ்பின்லாக்கோடு தூங்குவது பிழை, கண்டுகொண்டால் கர்னல் லாகில் திட்டித் தீர்க்கும். செமஃபோரோடு தூங்கலாம், குற்றமில்லை. ஆனால் காத்திருப்பவர் 120 வினாடிக்கு மேல் அசையாமல் கிடந்தால், வழக்கமான அமைப்பில், லாகில் எச்சரிக்கை விழும். அதில் முதலில் வருவது யார் பெயர் என்கிறீர்கள்? தூங்கியவர் பெயர் இல்லை, காத்திருந்தவர் பெயர்!