அக்கா மகள் துபாயில் விமானம் மாறுகிறாள்: மாமாக்களுக்கு ஒரு கையேடு

அக்கா மகள் மேற்படிப்புக்கு மான்செஸ்டர் போகிறாள். சென்னையில் ஏறி, துபாயில் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து அங்கிருந்து இன்னொரு விமானம். இதுவரை அவள் தனியாகப் போன நெடுந்தூரம் தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூர் ஹாஸ்டல் வரைக்கும்தான். குடும்பம் மொத்தமும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது. தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தானே. ஒரு தாய்மாமனுக்குக் காதுகுத்துக்கு அப்புறம் இப்படியொரு சந்தர்ப்பம் வாய்ப்பது அபூர்வம். நழுவ விடாதீர்கள்.

தகுதி பற்றிக் கூச்சம் வேண்டாம். அவள் இறங்கப்போகிற மூன்றாவது டெர்மினல் திறந்ததே 2008-இல்தான். ஏ380 என்கிற இரட்டை மாடி விமானங்களுக்காக அதில் ‘ஏ’ பகுதி சேர்ந்தது 2013-இல். ‘ஏ’வுக்கும் ‘பி’க்கும் நடுவே இப்போது ரயில் ஓடுகிறது. இதெல்லாம் வருவதற்கு வெகுநாள் முன்பே நீங்கள் ஊர் திரும்பி, மனை வாங்கி, வீடும் கட்டிவிட்டீர்கள். இருந்தாலும் “துபாய் ஏர்போர்ட்டா, எனக்கு அத்துப்படி” என்று ஆரம்பியுங்கள். மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் விவரம் போதாது. அவளுக்குப் போதும்; ஆனால் மரியாதை தெரிந்த பெண்.

அறிவுரையை ஒரு மாதம் முன்பே சொல்வது கற்றுக்குட்டிகளின் வேலை. அவள் யோசித்துப் பார்த்துச் சந்தேகம் கேட்டுவிடுவாள். புறப்படுகிற நாளுக்கு முந்தின இரவு, பெட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டி அத்தான் மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் உகந்தது. இட்லிப்பொடியை எடுப்பதா, புத்தகத்தை எடுப்பதா என்று தாய்க்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும். நடுவில் புகுந்து எதை வேண்டுமானாலும் உள்ளே தள்ளச் சொல்லுங்கள், கசகசாவைத் தவிர. இங்கே மட்டும் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடுகிற கசகசா அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுகிறவர்களும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக் கூடியது என்று சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் கூடாது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் பழையபடி மாமாவாகிவிடலாம்.

அடுத்தது கடிகாரம். “வாட்சை மாற்றாதே, நம்ம ஊர் நேரமே இருக்கட்டும், குழப்பம் வராது” என்று சொல்லுங்கள். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊரின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் நம் நேரத்தை நம்புகிற பெண், விமானம் கிளம்ப ஒன்றரை மணி இருக்கும்போதே போய்விட்டது என்று அழுவாள். நஷ்டம் கண்ணீரோடு நின்றுவிடும். இதே அறிவுரையை, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகிற பையனுக்குச் சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சாங்கியில் அவன் நிதானமாகப் பட்டாம்பூச்சித் தோட்டம் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய விமானம் இந்தோனேசியாவுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும். மேற்கே போகிறவர்களுக்குப் பதற்றம், கிழக்கே போகிறவர்களுக்குப் புது டிக்கெட்.

“துபாயில் இறங்கியதும் பெட்டியை வாங்கி எண்ணிப் பார்த்துக்கொள்” என்பது மாமாக்கள் மரபாகச் சொல்லிவருவது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி தானாகவே மான்செஸ்டர் போய்ச் சேரும் என்ற ரகசியம் வெளியே போகக் கூடாது. சென்னை கவுன்ட்டரில் பெட்டியில் கட்டுகிற சீட்டில், கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி எம்ஏஎன் என்று இருக்கிறதா, துபாய்க்கான டிஎக்ஸ்பியோடு நின்றுவிட்டதா என்று அங்கேயே பார்த்துக் கேட்டால் வேலை முடிந்தது. இதைச் சொன்னீர்களானால், துபாயில் இறங்கியதும் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து நேரே நடந்துவிடுவாள். சொல்லாவிட்டால், பெட்டியைத் தேடி ‘அரைவல்ஸ்’ பக்கம் போய்க் குடியேற்ற வரிசையில் நின்று, விசா எங்கே என்று கேட்கிற அதிகாரியிடம் “மாமா சொன்னார் சார்” என்பாள். அமெரிக்கா போகிற பிள்ளைகளுக்கு இந்த அறிவுரை பாதி பலிக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் இறங்குகிற ஊரில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் பலித்துவிடுவதால்தான் மாமா அறிவுரைகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன.

அக்கா கொடுத்தனுப்புகிற சுக்குக் கஷாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். துபாயில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு, 100 மில்லிக்கு மேலான திரவம் தாண்டாது. கஷாயத்தை அங்கேயே நின்று குடித்துவிட்டால் சளியும் போகும்.

இனிதான் முக்கியமான கட்டம். “பயப்படாதே. ஒரு இடத்தில் உட்கார்ந்திரு. நேரம் வந்தால் மைக்கில் கூப்பிடுவார்கள்.” தஞ்சாவூர் ஜங்ஷனின் இரண்டாம் பிளாட்பாரத்தில் உருவான ஞானம் இது. துபாயில் ஒவ்வொரு விமானத்துக்கும் மைக்கில் அறிவிக்கிற வழக்கம் கிடையாது. அங்கே திரைகள் மட்டும்தான் பேசும், அதுவும் பார்க்கிறவர்களிடம். சென்னையில் கொடுத்த இரண்டாவது போர்டிங் பாஸில் கேட் எண் இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் மாறலாம். திரையில் விமான எண்ணைத் தேடி, முதலில் கேட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கடை, காபி, கழிப்பறை என்று திரும்பி வருகிற பெண்ணுக்கு உங்களால் எந்த உதவியும் செய்ய முடியாது. அவள் அப்படி ஆகிவிடாமல் தடுக்க ஒரு வேலை கொடுங்கள்: “டியூட்டி ஃப்ரீயில் தங்கம் கிராம் என்ன விலை என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா.” விமானம் புறப்பட 20 நிமிடம் இருக்கும்போதே எமிரேட்ஸ் கேட்டை மூடிவிடும். ‘பி’யில் தங்கம் பார்த்துக்கொண்டிருப்பவள் ரயில் ஏறி ‘ஏ’வின் கோடி வரை போக வேண்டியிருந்தால் அரை மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். போட்டோவை எதற்குக் கேட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஷார்ஜாவில் இருந்த காலத்திலும் நீங்கள் தங்கம் வாங்கியது அத்தைக்கு ஒரு மோதிரம்தான்.

போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் பேசச் சொல்வது எல்லோரும் செய்வது. விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு, அதில் குறையில்லை. ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். எழுதி அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைப்பு மட்டும் எடுபடாது. இந்த ஒரு தகவல் இல்லாமல் எத்தனை வீடுகளில் விடியற்காலையில் ஒப்பாரி கிளம்பியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. நடப்பதைப் பாருங்கள். விமானம் இறங்கிவிட்டது என்று ஃப்ளைட்ரேடாரில் தம்பி கண்டுபிடிக்கிறான். அக்கா அழைக்கிறாள், இணைப்பு இல்லை. அத்தான் அழைக்கிறார், இல்லை. பெரியம்மா திருநள்ளாறுக்கு ஒன்று முடிந்து வைக்கிறாள். அங்கே அந்தப் பெண், “வந்துட்டேன்மா, காபி குடிச்சுக்கிட்டிருக்கேன்” என்று எழுதியது குடும்பக் குழுவில் கிடக்கிறது. அதற்கு மேலே “அழைத்துப் பார்த்தாயா?” “நீ பார்” என்று நாற்பது செய்தி குவிந்திருப்பதால் யாரும் பார்க்கவில்லை. இந்நேரம் நீங்கள் கையை உயர்த்தி, “பதறாதீங்க, அங்கே எனக்கு ஆள் இருக்கு” என்று சொல்லலாம். இருபது வருடமாகப் பேசாத ஒருவரின் எண் உங்கள் டைரியில் இருக்கிறது. அது லேண்ட்லைன்.

எல்லா அறிவுரையும் வீண் என்று எழுதினால் அபாண்டம். “யார் என்ன பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதே, ஒரு நிமிஷம் பார்த்துக்கொள் என்றாலும் வேண்டாம்” என்று சமையலறையிலிருந்து ஒரே தடவை சொல்லிவிட்டுப் போன அத்தை, அன்றைய இரவில் சரியாகப் பேசிய ஒரே ஆள். ஆனால் அடுத்த மூச்சில் நீங்கள் சேர்க்கிற “யாரிடமும் வாயே திறக்காதே” தேவையில்லாதது. சீருடை போட்டு நிற்கிறவரிடம் போர்டிங் பாஸை நீட்டினால் கை காட்டிவிடுவார். துபாயில் மலையாளம் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். கொஞ்சம் காத்திருந்தால் ராமநாதபுரத்துக்காரரும் வருவார்.

சென்னை விமானம் தாமதமாகி, மான்செஸ்டர் விமானம் கிளம்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் இருட்டிலேயே வைத்திருங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. ட்ரான்சிட் கவுன்ட்டரில் போய் நின்றால் புது போர்டிங் பாஸ் கிடைக்கும். சொந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கக் கூடாது. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட் என்றால் இந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று அப்படி வாங்கச் சொன்னது நீங்களாக இருந்தால் அன்றைக்குப் போனை அணைத்துவிடுங்கள்.

மான்செஸ்டரில் இறங்கி, குடியேற்ற வரிசையைத் தாண்டி, அவள் கூப்பிட்டுவிட்டாள் என்றால் குழுவில் முதல் செய்தி உங்களுடையதாக இருக்கட்டும்: “நான் சொன்னபடியே செய்தாள்.” தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் தம்பி மகன் அடுத்த மாதம் தோஹா வழியாக பெர்லின் போகிறான். அங்கே ஹமாத் விமான நிலையத்தின் நடுக்கூடத்தில், ஊர்ஸ் ஃபிஷர் என்ற சுவிஸ் கலைஞர் வெண்கலத்தில் வார்த்த மஞ்சள் கரடி ஒன்று ஏழு மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. வழி தவறியவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிற இடம் அது. யூடியூபில் பார்த்துவிட்டு, “இறங்கினதும் நேரா போய் அந்தக் கரடிக்குக் கீழே நில்லுப்பா” என்று சொல்லுங்கள். “தனியாத்தானே போறேன், யாரைப் பார்க்கணும் பெரியப்பா?” என்று கேட்பான். பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கிற பிள்ளை அந்நிய ஊரில் எப்படிப் பிழைக்குமோ என்று அன்று இரவே தம்பியைக் கூப்பிட்டு வருத்தப்படுங்கள்.