சியாச்சினுக்கு பூட்ஸ் வாங்குவது எப்படி?

கடுங்குளிருக்கு பூட்ஸ் வாங்க இந்த நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலையேறப் போகிறவர் வாங்கும் வழி. மற்றது, அரசாங்கம் வாங்கும் வழி.

மலையேறுகிறவர் தடித்த கம்பளிக் காலுறையைக் கடைக்கே எடுத்துப் போவார். அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்ப்பார். பூட்ஸுக்குள் விரல்களை ஆட்டிப் பார்ப்பார். விரல் ஆட இடமில்லை என்றால் ரத்தம் ஓடவும் இடமில்லை. ரத்தம் ஓடாத விரலைத்தான் பனி முதலில் தின்னும். உள்ளுறை தனியாகக் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பார். பகலெல்லாம் வியர்வையில் ஊறிய உள்ளுறையை ராத்திரி தூக்கப்பைக்குள் தன்னோடு வைத்துக் காயவைக்காவிட்டால், மறுநாள் காலை அவர் காலை நுழைப்பது பூட்ஸுக்குள் அல்ல, ஐஸ்பெட்டிக்குள். அடிப்பாகம் வளையாமல் விறைப்பாக இருக்கிறதா, பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் இரும்புப் பல்சட்டம் அதில் பொருந்துமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒட்டுப்போட்ட பழைய ஜோடியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடமாட்டார். ஏனென்றால், விரல் அவருடையது.

அரசாங்கம் வாங்கும்போது விரல் வேறொருவருடையது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும், மற்ற விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

முதல் விதி: குளிர்காலம் வரும் என்பதை எதிர்பார்க்கவே கூடாது. நமது ராணுவம் சியாச்சினில் காலூன்றியது 1984 ஏப்ரல் 13 அன்று. அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் அங்கே குளிர்காலம் வருகிறது. வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே போகிறது. ஆனாலும் டெல்லிக்கு ஒவ்வொரு முறையும் அது திடுக்கிடும் செய்தி.

இரண்டாம் விதி: பூட்ஸ் வராத காலத்தில் இருக்கிற பூட்ஸே போதும். இது என் கற்பனை இல்லை. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலைப் படையினருக்குப் பல்நோக்கு பூட்ஸ் வழங்கப்படவில்லை; கைவசம் இருந்ததையே மறுசுழற்சி செய்து ஓட்டியிருக்கிறார்கள். மறுசுழற்சி! குப்பைக் கிடங்கில் கேட்க வேண்டிய சொல், வீரனின் காலில் ஏறியிருக்கிறது. பனிக் கண்ணாடிகளின் பற்றாக்குறை 62 சதவீதம் முதல் 98 சதவீதம் வரை. முகமூடி, மேலங்கி, தூக்கப்பை எல்லாம் பழைய ரகம். சிறப்பு உணவுக்குப் பதில் மாற்று உணவு கொடுத்ததில் கலோரி 82 சதவீதம் வரை அடிபட்டிருக்கிறது.

மூன்றாம் விதி: காரணத்தை மட்டும் புத்தம் புதிதாக வைத்திருக்க வேண்டும். நிதி நெருக்கடி, தேவை கூடிவிட்டது, படிப்படியாகச் சரிசெய்வோம் என்றது அமைச்சகம். குளிர் மட்டும் படிப்படியாக வருவதில்லையே, ஐயா! அறிக்கை கொஞ்சம் பழையது, இப்போது ஒவ்வொரு வீரனுக்கும் சுமார் ஒரு லட்சம் ரூபாய்க்கான உடை தருகிறோம் என்றார் அன்றைய ராணுவத் தளபதி. மகிழ்ச்சி. தணிக்கை அறிக்கை பழையதாகத்தான் இருக்கும். நடந்ததைத்தானே தணிக்கை செய்ய முடியும்? பனிக்கடிக்கு வெட்டி எடுத்த விரல் மட்டும், அறிக்கை பழசாகிவிட்டது என்று மறுபடி முளைத்துவிடாது.

நான்காம் விதி மிக முக்கியமானது: பூட்ஸ் வாங்கித் தர முடியாவிட்டாலும் வீரனைப் பேச்சில் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த பூட்ஸ் இல்லாத மாதங்கள் முடிந்து இரண்டே மாதத்தில், 2016 நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வங்கி வாசலில் கால் கடுக்க நின்று முணுமுணுத்தவர்களிடம் தேசபக்தர்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "சியாச்சினில் வீரர்கள் நிற்கிறார்கள், உங்களால் வரிசையில் நிற்க முடியாதா?" நிற்கிறார்கள், சரி. எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவர்களில் ஒருவராவது கேட்டாரா?

அந்த பூட்ஸ் இல்லாத மாதங்களுக்கு நடுவில்தான், 2016 பிப்ரவரி 3 அன்று, ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில் சோனம் காவல்முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று போய்ச் சேர்ந்தார். பனிச்சரிவுக்கு பூட்ஸ் காரணமில்லை. அந்தப் பழியை யார் மீதும் சுமத்தவில்லை. ஆனால் மலர்வளையம் நேரத்துக்கு வந்தது. இரங்கல் செய்தி நேரத்துக்கு வந்தது. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு நாள்கூடத் தாமதிக்காத அரசாங்கத்துக்கு, உயிரோடு இருப்பவனுக்கு பூட்ஸ் அனுப்பப் பத்து மாதம்கூடப் போதவில்லை.

இது ஒரு கட்சியின் குற்றமும் அல்ல. 1962-இல் கேன்வாஸ் ஷூவோடும் பருத்தி உடையோடும் இமயமலைக்கு ஆளனுப்பிய நாடு இது. கட்சி மாறுகிறது, கொடி மாறுகிறது, கோப்பு மட்டும் அதே மேசையில், அதே ஹீட்டருக்குப் பக்கத்தில் கதகதப்பாகப் படுத்திருக்கிறது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதை நிர்வாகத்தில் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். 1998-இல் பாதுகாப்பு அமைச்சரான ஜார்ஜ் பெர்னாண்டஸ். சியாச்சினுக்கான ஸ்னோ ஸ்கூட்டர் கோப்பை இழுத்தடித்த அதிகாரிகளை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அந்தப் பனிக்கே அனுப்பிவைத்தார். இத்தனை ஆண்டு பாதுகாப்புக் கொள்முதலில் நான் கேள்விப்பட்ட ஒரே அறிவார்ந்த ஆணை அதுதான்.

அதை நிரந்தர விதியாக்குங்கள். பூட்ஸ் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர், போடாமல் இழுக்கிறவர், "மறுசுழற்சி செய்யலாம்" என்று குறிப்பெழுதுகிறவர், இவர்களை மேற்பார்வையிடும் அமைச்சர் எல்லாரும் ஜனவரியில் ஒரு வாரம் சியாச்சினில் இருக்கட்டும். காலில் அதே மறுசுழற்சி பூட்ஸ். திரும்பி வந்ததும் பத்து விரலையும் எண்ணிக் காட்டிவிட்டு, நிதி நெருக்கடி பற்றிப் பேசட்டும். கேட்டுக்கொள்கிறோம்.