நண்டுக்கு எத்தனை மார்க், டீச்சரம்மா?

வா டீச்சரம்மா, உட்காரு. கடலூர்ல பயிற்சி முடிச்சுட்டு வந்து, புள்ளைங்க எழுதுறதுக்கு மார்க் போட அட்டவணை கட்டியிருக்கியாமே. காட்டு, பெரியப்பனும் படிச்சுத் தெளியட்டும். அடேங்கப்பா! கருத்துச் செறிவு 5, நடை 5, ஒத்திசைவு 5, பிழையின்மை 5. மூணாங்கிளாஸ் புள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி ஏடு அனுப்புறாப்பல இல்ல இருக்கு!

இந்தக் கிள்ளை ஊர்ப் பையன் எழுதினதைப் பாரு: ‘வலைல நன்டு வந்துச்சி வலய அறுத்துச்சி அப்பா திட்டுனாரு நன்டு திட்டல’. மூணு சுழி இல்ல, முற்றுப்புள்ளி இல்லன்னு 20-க்கு 6 போட்டுருக்க. அடுத்த நோட்டுல ‘பசு ஒரு வீட்டு விலங்கு. பசு பால் தரும்.’ அதுக்கு 18! அந்தப் புள்ள பசுவைப் பார்த்துச்சா, கைடைப் பார்த்துச்சா?

பண்ருட்டியில பலா வாங்குறவன் தட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான். முள்ளை எண்ணிக்கிட்டா நிப்பான்?

2022-ல ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தப்ப அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சாங்களே, எதுக்கு? புள்ள எங்க நிக்குதோ அங்கேருந்து சொல்லிக்குடுக்கத்தானே? நீ அரும்பைப் பார்த்து ஏன் இன்னும் மலரலன்னு அதட்டுற. நம்ம மஞ்சக்குப்பத்துல 1934-ல பொறந்த ஜெயகாந்தன் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவரு. பின்னால ஞானபீடமே வாங்கினாரு. அதுக்காகப் பிழையைக் கண்டுக்காதேன்னு பெரியப்பன் சொன்னாருன்னு என் தலையில கட்டிடாத. மூணு சுழியும் கத்துக்கத்தான் வேணும். அதுக்கு ஒரு கட்டம் போதும்.

மத்த கட்டமா? நோட்டையெல்லாம் திண்ணையில பரப்பிப் படி. மனசுக்குப் பட்டபடி மூணு குவியலாப் போடு. இதை ஏன் இங்க போட்டோம்னு உன்னையே கேளு. வாயில வர்ற பதில்தான் கட்டத்துக்குத் தலைப்பு: ‘தானே பார்த்ததைச் சொல்லுதா?’, ‘படிக்கிறவங்களுக்குப் புரியுதா?’ புள்ளைக்கே படிக்கத் தெரியிற வார்த்தையா இருக்கட்டும். ஆடியில அது எழுதினதைத் தையில எழுதினதோட வச்சுப் பாரு, பக்கத்து பெஞ்சுப் புள்ளையோட வைக்காத. ஒரு கட்டத்தைக் காலியா விடு. தனக்குப் புடிச்ச வரி எதுன்னு புள்ளையே எழுதட்டும்.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. மோர் குடி. அந்தக் கிள்ளைப் பையன்கிட்ட மட்டும், நண்டு கடலுக்குப் போச்சா, குழம்புக்குப் போச்சான்னு அடுத்த வாரம் எழுதச் சொல்லு. எனக்குத் தெரிஞ்சாகணும்.