டெல்கோவைத் திருப்பும் முன்: கேள்வி-பதில்

கே: ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். லோடு ஏற்றி மேட்டில் ஏறினால் 'டிக் டிக்'கென்று தட்டுகிறது. டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டரை) கொஞ்சம் திருப்பிவிட்டால் சரியாகிவிடும்தானே?
(தறி உரிமையாளர், திருப்பருத்திக்குன்றம்)

ப: சத்தம் போய்விடும். காரணம் போகாது. தட்டுகிறது என்றால் பெரும்பாலும் பொறி சீக்கிரம் விழுகிறது. ஆனால் சிபி பாயிண்ட்டின் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, பாயிண்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் பிந்தத்தான் செய்யுமே தவிர முந்தாது. ஆக, உங்கள் வண்டியில் நடந்திருக்கக்கூடிய கதை இது: யாரோ ஒருவர் மந்தமாகப் போன வண்டியை உசுப்ப டெல்கோவைத் திருப்பி முந்த வைத்திருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர் புதுப் பாயிண்ட் மாட்டி, கேப்பும் சரியாக வைத்திருக்கிறார். பழைய திருப்பல் மட்டும் யாரும் கேட்காமல் அப்படியே நிற்கிறது. டெல்கோவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் வேகத்தில் டைமிங் அளவுக்கு மீறி முந்தும். அதனால் முதலில் பாயிண்ட் கேப், பிறகு டைமிங். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் வீண்.

கே: சரி, முறையாக வைப்பது எப்படி? டைமிங் லைட் இல்லை.
(அதே ஆள்)

ப: விடமாட்டீர்களா! எழுதிக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் எடுத்துப் பாயிண்ட் கேப்பைச் சுமார் அரை மில்லிமீட்டருக்கு வையுங்கள். மேனுவல் இருந்தால் அது சொல்வதே சட்டம். முதல் சிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் மூடுங்கள். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். இதைப் பார்க்காமல் புல்லிக் கோட்டை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஆறு சிலிண்டரில் ஒன்றும் ஆறும் ஜோடியாக மேலே வருகிறவை; கோடு இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வரும். ஆறாவதன் முறையில் ஒன்றுக்குப் பொறி கொடுத்தால் கார்புரேட்டர் வழியே வெடித்துப் பதில் சொல்லும்.

கோட்டை மேனுவல் சொன்ன டிகிரியில் நிறுத்தி, காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் பல்பின் ஒரு முனை, எர்த்தில் மறுமுனை. சாவியைப் போடுங்கள். ரோட்டர் சுற்றும் திசையில் டெல்கோவைத் திருப்பினால் பாயிண்ட் மூடிப் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக. பல்பு எரிந்த அந்த நொடியில் போல்ட்டை இறுக்குங்கள். டெல்கோ, கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. நீங்கள் இங்கே ஒரு டிகிரி தவறினால் அங்கே இரண்டு டிகிரி.

பிறகாவது ஒரு டைமிங் லைட்டைக் கடன் வாங்கி, வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலில் பாருங்கள். கோடு நிலையாக நின்றால் நல்லது. நடுங்கினால் டெல்கோ ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது, திருப்பிப் பயனில்லை.

கே: பிஸ்டன் மேலே வந்த பிறகு பொறி விழுந்தால் போதாதா? முன்னாலேயே ஏன்?
(கோர்வை நெசவாளர், பிள்ளையார்பாளையம்)

ப: கரைக்கு நாடா போட உங்கள் எதிர்ப்பக்கம் உட்காருகிறவர், நீங்கள் மிதித்த பிறகு நாடாவைத் தேட ஆரம்பித்தால் சும்மா விடுவீர்களா? நெருப்புக்கும் பரவ நேரம் வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி ஓடிவிடுகிறது; ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 150 பொறி. பிந்தினால் நெருப்பின் பாதி சைலன்சருக்குப் போகும்: இழுவை குறையும், சூடு ஏறும், பெட்ரோல் குடிக்கும்.

கே: 1-5-3-6-2-4. இது லாட்டரி நம்பரா?
(ஓரிக்கை)

ப: ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினில் பொறி விழும் முறை. ஐந்தையும் மூன்றையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், பரிசு உடனே கிடைக்கும்.

கே: தோனியே ஜோங்கா வைத்திருக்கிறாராமே?
(செவிலிமேடு)

ப: 2019-ல் வாங்கினார். நிஸான் பேட்ரோலை உரிமம் பெற்று ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டி. 1969-லிருந்து 1999 வரை வந்தது, 3,956 சிசி. ஆனால் நிறைய ஜோங்காக்களில் இன்று பானெட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின்தான் இருக்கிறது. உங்களுடையது அப்படியென்றால் பாயிண்ட்டும் இல்லை, ப்ளக்கும் இல்லை. பம்ப் டைமிங்காரரைத் தேடுங்கள்.

கே: எங்கள் மெக்கானிக் அண்ணன் காதாலேயே டைமிங் வைப்பார். லைட் எதற்கு?
(வாலாஜாபாத்)

ப: அண்ணன் காதுக்கு என் வணக்கம். அது ஐடிலில் கேட்கிற காது. வேகத்தில் டெல்கோ வெயிட் விரிகிறதா, லோடில் தட்டுகிறதா என்பதை டாப் கியரில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் லைட், பிறகு ரோடு, கடைசியில் காது.

கே: இ20 பெட்ரோல் வந்துவிட்டது. டைமிங்கைப் பிந்த வைக்க வேண்டுமா?
(சின்ன காஞ்சிபுரம்)

ப: எதற்கு? எத்தனால் கலந்தால் தட்டுவது குறையத்தான் செய்யும். உங்கள் பழைய வண்டிக்குக் கவலை வேறு: ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஊறிப்போகும். கலவையும் மெலியும். ஜெட்டைப் பாருங்கள், டெல்கோவை விடுங்கள்.

கே: ஊட்டிக்குப் போகிறேன், டைமிங்கை மாற்றவா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

ப: 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, ஓரிரு டிகிரி முந்த வைத்தால் கொஞ்சம் இழுக்கும். கீழே வந்ததும் திருப்பி வைக்க மறக்கிற ஆளென்றால் தொடவே வேண்டாம்.

கே: ஜைனர் கோயில் பக்கம் மர நிழல் நன்றாக இருக்கிறது. அங்கே நிறுத்தி டைமிங் வைக்கலாமா?
(திருப்பருத்திக்குன்றம், மறுபடியும்)

ப: வேண்டாம் அய்யா. இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. உங்கள் ஜோங்கா விடுகிற புகைக்கு அவை பழகவில்லை. தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பல்பு முறைக்கு இன்ஜின் ஓட வேண்டியதே இல்லை.